‘சிறகை விரி’ முகாமும் சிறப்பு விருந்தினரும்

என் மூத்தவன் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருவார் வருவார் என்று பிள்ளைகள் வெயிலில் வரிசை கட்டி நின்றபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு குளம். குளத்துக்கு நடுவில் கருவேல மரங்கள். மரம் முழுக்கக் கூழைக்கடாப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. குளம் காய்ந்தால் பெரியவர்கள் வேறு குளத்துக்குப் பறந்துவிடலாம். பறக்கத் தெரியாத குஞ்சுகள் என்ன செய்யும்? கரையில் நரி வேறு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உலாத்தியது.

பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். குஞ்சுகளுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் முடிந்தால் எப்படி? அதனால் ஒரு முகாம் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். ‘சிறகை விரி’ என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். தலைவர், மாசிலாமணி என்ற கிழக் கூழைக்கடா. அவருடைய அலகுப் பையில் மீன் இருக்கிறதோ இல்லையோ, பேச்சு நிறைந்திருக்கும்.

முகாமுக்கு ஒரே ஒரு விதிதான். பெரியவர்கள் முன்னால் சிறகை விரிப்பது மரியாதை இல்லை. ஆகவே குஞ்சுகள் எல்லாம் சிறகை மடக்கி உட்கார்ந்து ‘சிறகை விரி’ உரையைக் கேட்க வேண்டும்.

தினமும் முதலில் வரவேற்புரை. அப்புறம் ஆகாயத்தாமரைக் கொடியைப் பொன்னாடை என்று சொல்லி, பெரியவர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்வார்கள். கொடியை இழுத்து வருவது குஞ்சுகளின் பொறுப்பு. பொறுப்பு கொடுத்தால்தானே பிள்ளைகள் முன்னேறும்! பிறகு மாசிலாமணி, இன்றைய குஞ்சுகளே நாளைய கூழைக்கடாக்கள் என்று முழங்குவார். குஞ்சுகள் அலகைத் தட்டும். அதற்குள் வெயில் ஏறிவிடும். பறக்கும் பயிற்சி நாளைக்கு.

குஞ்சுகளில் பூவாயி என்று ஒருத்தி. அவளுக்குச் சிறகு தினவெடுத்தது. கீழே பார்த்தால் தண்ணீருக்குப் பதில் சேறு தெரிந்தது. ஒரு நாள் எழுந்து கேட்டேவிட்டாள்.

“பெரியப்பா, நாங்க எப்பப் பறக்கிறது?”

“பேருக்கு ஏத்த வாய்தான்” என்றார் மாசிலாமணி. “அதெல்லாம் நிறைவு விழாவுல, சிறப்பு விருந்தினர் முன்னால. இப்ப உட்காரு.”

நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காதே என்று அவளுடைய அம்மா அவளை அமுக்கி உட்கார வைத்தாள்.

சிறப்பு விருந்தினர் யார்? நரிதான். அதுவே கரையிலிருந்து குரல் கொடுத்தது. இளைய தலைமுறை மேல் தனக்கு எப்போதுமே தனிப் பிரியம் உண்டு என்றது. அது பொய்யில்லை. வருந்தி அழைக்காமலே வருகிற விருந்தினர் யாருக்குக் கிடைப்பார் என்று மாசிலாமணி உருகிப்போனார்.

விருந்தினருக்கு மரம் ஏற வராது. அதனால் நிறைவு விழா அன்று குஞ்சுகளைக் கிளை கிளையாக இறக்கி, மரத்தடியில் காய்ந்துபோயிருந்த தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். கொழுத்த குஞ்சுகள் முன்வரிசையில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று விருந்தினர் ஆலோசனை சொன்னார். அதுவும் ஏற்கப்பட்டது.

நரி பேச எழுந்தது. “என்ன ஒரு கட்டுப்பாடு! மடக்கிய இந்தச் சிறகுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண்ணில் நீர் ஊறுகிறது.”

முன்வரிசையில் இருந்த பூவாயி அண்ணாந்து பார்த்தாள். நீர் ஊறியது கண்ணில் இல்லை.

அவள் சிறகை விரித்தாள்.

“ஏய், மரியாதை” என்று அதட்டினார் மாசிலாமணி.

“மரியாதையை மரத்து மேல போய்க் காட்டுறேன் பெரியப்பா. எல்லாரும் விரிங்க, நரி பாயப் போகுது.”

சிறகை அடித்தாள். அலகு தரையில் இடிக்க விழுந்தாள். மறுபடி அடித்தாள். அவளைப் பார்த்து மற்ற குஞ்சுகளும் அடித்தன. தாறுமாறாக எழும்பி, முட்டி மோதி, எப்படியோ கிளையைப் பிடித்துவிட்டன. பெரியவர்களும் பதறிப் பறந்தார்கள். எழும்ப முடியாமல் கிடந்தவர் ஒருவர்தான். போர்த்திய பொன்னாடைகள் எல்லாம் மாசிலாமணியின் சிறகைச் சுற்றிக்கொண்டன. நரி பாய்ந்ததில் கொடி அறுந்தது. ஆண்டவர் இரக்கம், உயிர் தப்பியது. வால் மட்டும் நரியோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு குஞ்சுகள் கிளைக்குக் கிளை தாவித் தாமாகவே பழகின. மிச்சத் தண்ணீரும் வற்றுமுன் அடுத்த குளத்துக்குப் பறந்துபோய்ச் சேர்ந்தன. மாசிலாமணி கடைசியாக வந்து இறங்கினார். முகாம் மாபெரும் வெற்றி என்று அறிவித்தார். பொன்னாடைக்குக் கொடி கொண்டுவரச் சொல்லிப் பூவாயியைத் தேடினார். அவள் வானத்தில் இருந்தாள்.

பிள்ளைகளை உயர்த்துவதாகச் சொல்லி அவர்களை அடக்கியே வைத்தால், உயர்வது மேடை மட்டும்தான்.

உங்கள் ஊர் விழாவில் ஒரு பிள்ளை எழுந்து கேள்வி கேட்டால், தயவு செய்து ‘உட்காரு’ என்று சொல்லிவிடாதீர்கள்.