கெர்தன் நரியின் குறிக்கோயில்

கிரேக்க நாட்டு மலைக்காடு ஒன்றில் கெர்தன் என்ற நரி இருந்தது. வேட்டையாடச் சோம்பல். ஆனால் வாய்க்கு மட்டும் வேளாவேளைக்கு ருசியாக வேண்டும்.

அந்த மலையில் ஒரு பாறைப் பிளவு. அதிலிருந்து எந்நேரமும் புகை கசியும். ஒருநாள் ஐகா என்ற வெள்ளாடு அங்கே மேயப் போனது. புகையை முகர்ந்ததும் தலை சுற்றி, கண் செருகி, ஏதேதோ உளறியது. சுற்றி நின்ற விலங்குகள் மிரண்டன.

"பயப்படாதீர்கள். தெய்வம் பேசுகிறது. அந்தப் பாஷை எனக்குப் புரியும்," என்றது கெர்தன்.

அவ்வளவுதான். கரடிகள் கல் சுமந்து அந்தப் பிளவைச் சுற்றிக் கோயில் கட்டின. தேனும் அத்திப்பழமும் மீனும் குவிந்தன. ஐகாவுக்குக் கிடைத்தது ஒரு பிடி புல்.

ஒரு கோடையில் துருபன் என்ற காட்டுப்பன்றி வந்தது. "சாமி, எங்கள் குட்டை வற்றுகிறது. அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா?"

ஆடு உளறியது. நரி கண்ணை மூடிக்கொண்டு, "போ வேண்டாம் இரு," என்றது.

பன்றிகள் போகாமல் இருந்தன. குட்டை வற்றியது. துருபனின் இரண்டு குட்டிகள் தாகத்தில் செத்தன.

துருபன் கொதித்துப்போய் வந்தது. "இருக்கச் சொன்னாயே!"

"யார் சொன்னது? 'போ' என்றுதான் தெய்வம் சொன்னது. பிறகு 'வேண்டாம் இரு' என்றது. அதாவது, இருப்பது வேண்டாம். நீர் தப்பாகப் பிரித்துக் கேட்டால் தெய்வம் என்ன செய்யும்?"

துருபன் தன் காதையே நொந்துகொண்டது. மறுநாள் இரண்டு மடங்கு கிழங்கோடு வந்து மன்னிப்புக் கேட்டது. குட்டிகளைப் பறிகொடுத்தும் அந்த மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

ஆண்டுகள் ஓடின. கெர்தன் கொழுத்தது. நாள்தோறும் எல்லாரும் விழுந்து கும்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, பிளவுக்குள் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று அதற்கே தோன்றிவிட்டது. ஆளில்லாத நேரத்தில் தானும் பிளவின் முன் விழுந்து கும்பிட்டது.

ஒரு காலையில் மலை குலுங்கியது. தூண்கள் ஆடின. ஐகா துள்ளி எழுந்தது.

"அண்ணே, நிலம் நடுங்குகிறது. ஓடிவிடலாம்."

"பொறு. தெய்வத்தைக் கேள். அது சொல்கிறபடி செய்வோம்."

ஆடு நரியை ஏற இறங்கப் பார்த்தது. "தெய்வமா? எனக்குத் தலை சுற்றும், நீ கதை கட்டுவாய். இத்தனை வருஷமும் நடந்தது அதுதானே?" என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தது.

கெர்தன் நகரவில்லை. தானே பிளவுக்குள் மூக்கை நுழைத்து, "சாமி, நான் ஓடட்டுமா?" என்று கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பதில் வருவதற்குள் கூரை வந்தது.

ஊரை ஏய்க்கச் சொன்ன பொய்யைத் தானே நம்பத் தொடங்குகிறவன், அந்தப் பொய்யோடு சேர்ந்தே புதைந்துபோவான்.