ஆடு வந்து சேர்ந்த இடம்

ரெஜினா டீச்சருக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் எபினேசர். டீச்சரைவிட வயதில் மூத்தவர், வழுக்கையும் அவருக்குத்தான். வங்கி வேலையை விட்டுவிட்டு வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தவர், செல்லோ என்ற பெரிய வயலினை வாசிக்கும் ரெஜினாவின் பின்னாலேயே "டீச்சர், டீச்சர்" என்று திரிந்தார்.

ஜெர்மன்காரர் ஒருவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று பேருக்கென்று எழுதிவைத்த இசை. அதை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது எபினேசரின் பிடிவாதம். அதனால்தான் எல்லோரும் குன்னூரில், பூட்டிக் கிடந்த ஒரு சர்ச்சுக்குள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். வயலினிலும் செல்லோவிலும் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த தந்தி. பியானோ, ஒரு எஸ்டேட் பங்களாவில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த மரக்கிழடு. இருமினால்கூட ராகத்தோடு இருமும். சாயங்காலம் லாரி வந்து அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும். மெதுவான இரண்டாம் பகுதி மட்டும் பாக்கி.

அதுதான் படுத்தியது. பியானோவில் சுகிர்தா இடது கையை ஒரு மயிரிழை முன்னால் விடுவாள். டீச்சர் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குச் சறுக்கிக்கொண்டு சாவகாசமாக வருவார். அந்தக் காலத்தில் அப்படித்தான் வாசித்தார்கள் என்று தேடிப் படித்துச் சொன்னவரே எபினேசர்தான். ஆனால் பதிவைத் திரும்பக் கேட்டால் புளி தின்றதுபோல முகம் சுளிப்பார். சேரவில்லை என்பார். கடைசியில் எல்லோர் காதிலும், தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு இயர்போனை மாட்டிவிட்டார். வாத்தியமெல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்தது. காதுக்குள் மட்டும் டிக், டிக், டிக்.

அப்போதும் சேரவில்லை.

"டீச்சர், மூணு பேர் சேர்ந்து வாசிக்கிறதுன்னா என்னதான் அர்த்தம்?"

"இன்னொரு தரம் வாசிப்போம், சார்."

வாசித்தார்கள். கடைசிச் சுரம் மெல்லத் தேய்ந்து அடங்கப் போன நேரம், ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆடு, "ம்ம்மேஏஏ" என்றது.

ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த மன்சூர் தலையைத் தூக்காமலே சொன்னான். "சொந்தக்காரங்க குரல் கேட்டிருக்கும், சார்."

சுகிர்தா விக்கல் எடுத்ததுபோல் சிரித்தாள். டீச்சர் சத்தமே வராமல் குலுங்கினார். எபினேசர் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு, பழைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆவதுபோல் கடைசியில் கிளம்பினார். கண்ணைத் துடைக்கும்போதுதான் லாரி நினைவுக்கு வந்தது. இந்தத் தடவையும் போச்சு.

சிரித்ததெல்லாம் பதிவாகியிருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். ஆளுக்கொரு மைக், எல்லாம் தனித்தனியாக இருக்கிறது என்றான் மன்சூர். டீச்சர் மூன்று சிரிப்பையும் ஒரே புள்ளியில் தொடங்கி ஒரே அளவாக வெட்டி அடுக்கச் சொன்னார். அடுக்கினான். போட்டுக் காட்டினான்.

"ஹா. ஹா. ஹா."

டிரில் மாஸ்டர் விசில் ஊதிச் சிரிக்க வைத்ததுபோல் இருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இப்போ வெட்டாததைப் போடு."

போட்டான். விக்கல், குலுக்கல், ஸ்கூட்டர். நாலு பேரும் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை முதலில் கிளம்பியது எபினேசர்தான்.

"இதுல யார் சார் பிந்தினது?" என்றார் டீச்சர்.

எபினேசர் இயர்போனைக் கழற்றி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டார். மற்ற இருவரும் கழற்றினார்கள்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. மன்சூர் போய், அச்சு அசலாக எபினேசரின் குரலில், "தம்பி, ஒரே ஒரு தரம், இதான் கடைசி" என்று டிரைவரிடம் கெஞ்சினான். என்ஜின் நின்றது.

வாசித்தார்கள். பியானோ முந்தியது. செல்லோ சறுக்கியது. வயலின் இரண்டின் தோளிலும் கைபோட்டுக்கொண்டு நடந்தது. கடைசிச் சுரம் தேய்ந்து, தேய்ந்து, அடங்கிய இடத்தில்,

"ம்ம்மேஏஏ."

மன்சூர் எபினேசரைப் பார்த்தான். எபினேசர் டீச்சரைப் பார்த்தார்.

"இதை எடுத்துடலாமா, டீச்சர்?"

"எதுக்கு சார்? அது காதுல ஒண்ணும் மாட்டிக்காமதானே வந்து சேர்ந்துச்சு."