அறுபது ஓலையும் ஒரு பன்றியும்

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்கு நூலாசிரியர் ஆகும் ஆசை பிடித்துக்கொண்டது. தம் பன்றி வேட்டையைப் பற்றி அறுபது ஓலை எழுதிக் கட்டிவிட்டார். அந்த நாட்டு வழக்கப்படி, இன்னொருவர் கையில் திருத்தம் பெற்ற பிறகுதான் எந்த நூலும் சபையில் அரங்கேறும். ராஜா எழுதியதில் யார் கை வைப்பது?

தலைமைப் புலவர் ஆளுடைநாயகத்துக்கு விகடகவி செவ்வந்தியப்பனைக் கண்டாலே ஆகாது. "மன்னர் பெருமானே, இதற்குத் தகுந்தவர் செவ்வந்தியப்பனார்தான்" என்றார், வாயில் தேன் ஒழுக.

"நல்லது. செவ்வந்தியப்பரே, நூல் இன்னும் சிறக்க வேண்டும். ஆனால் நாம் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட நீக்கவோ, சேர்க்கவோ, மாற்றவோ கூடாது. பௌர்ணமிக்குள் சிறக்காவிட்டால் நீர் நாட்டின் எல்லையைத் தாண்டிவிடலாம்" என்றார் ராஜா.

செவ்வந்தியப்பனுக்குத் தலை சுற்றியது. தண்ணீரில் இறங்காமல் நீந்தச் சொன்னால் எப்படி? வீட்டுக்கு வந்து படித்தான். முதல் நாற்பது ஓலையும் ராஜாவின் பாட்டன், பூட்டன், அவர்கள் ஏறிய யானைகளின் பெயர்கள். கொட்டாவி கொட்டாவியாக வந்தது. குறை நூலிலா, தன் மூளையிலா என்று அவனுக்கு விளங்கவில்லை. பயமாகவும் இருந்தது.

"மூட்டை கட்டட்டுமா வேண்டாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மனைவி.

அந்தக் குழப்பத்தில் கட்டின் கயிற்றை முழுதாக உருவிவிட்டான். ஓலைகள் கூடமெங்கும் சிதறின. ராஜா ஓலைக்கு எண் போடவில்லை. எது முன், எது பின் என்று தெரியாமல் கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் படித்தான். 'பன்றி எனக்கு நேரே நின்றது. என் வில்லின் நாண் அறுந்திருந்தது.'

கொட்டாவி போன இடம் தெரியவில்லை. அடுத்த ஓலையைத் தேடித் தரையில் தவழ ஆரம்பித்தான். மூன்று நாள் ஓலைகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பார்த்தான்.

பௌர்ணமியன்று சபை கூடியது. செவ்வந்தியப்பன் பன்றி நின்ற ஓலையிலிருந்து வாசித்தான்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம் முன்னோர்கள் எங்கே?"

"ஆணையை மீறி நூலைக் கலைத்துவிட்டான், மன்னா" என்று ஆளுடைநாயகம் துள்ளி எழுந்தார்.

"எழுத்தைத் தொடாதே என்றுதான் ஆணை, மன்னா. ஓலைகளைக் கோக்கும் வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துகளை எண்ணிப் பார்க்கலாம். முன்னோர்கள் கட்டின் கடைசியில் சௌக்கியமாக இருக்கிறார்கள். தவறென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று செவ்வந்தியப்பன் ஓலையைக் கீழே வைத்தான்.

கோபப்படுவதா, பாராட்டுவதா என்று ராஜாவுக்கே தெரியவில்லை. புலவரைப் பார்த்தார். "நீர் சொல்லும். நிறுத்திவிடலாமா?"

ஆளுடைநாயகம் தலையைச் சொறிந்தார். "நிறுத்தத்தான் வேண்டும், மன்னா. ஆனால், அந்தப் பன்றி என்ன செய்தது என்பதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தலாம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் செவ்வந்தியப்பனுக்குப் போர்த்தினார். பிறகு கையைத் தட்டினார். உள்ளேயிருந்து இரண்டு பேர் இன்னொரு கட்டைச் சுமந்து வந்தார்கள்.

"இது நாம் கண்ட போர். முந்நூறு ஓலை. இம்முறை உம் மனம்போல் வெட்டலாம்" என்று தம் எழுத்தாணியையே அவனிடம் நீட்டினார்.

கிடைத்தது பரிசா தண்டனையா என்று புரியாமல், செவ்வந்தியப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.