குதலையைத் தேடிப் போன காயாம்பூ

கடிகாரம் வருவதற்கு முன்னால், யாரும் யாரையும் லேட் என்று திட்ட முடியாத ஒரு காலத்தில், மொழிமங்கலம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே பெண்ணுக்குச் சீதனம் பவுன் இல்லை, பட்டு இல்லை. சொல். வேறு வீட்டில் இல்லாத, அழகான ஒரு சொல்லை மகளின் காதில் சொல்லி அனுப்புவார்கள். மணவறையில் மாப்பிள்ளை வீட்டார் மூன்று கேள்வி கேட்பார்கள். என்ன சொல்? என்ன பொருள்? எங்கே பிறந்தது? மூன்றாவது கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். அதற்குள் மேளம் கொட்டிவிடும்.

சீதனம் சொல்தானே, அதில் யார் குறை சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். "ரெண்டே எழுத்தா? எங்க பெரிய மருமக ஆறெழுத்து கொண்டு வந்தா" என்று அங்கேயும் சொன்னார்கள்.

காயாம்பூ கொண்டு வந்த சொல் குதலை. பேச்சு வராத குழந்தை, ஒரு அர்த்தமும் இல்லாமல், தன்பாட்டுக்குக் குழறுகிறதே, அந்த இனிமைக்குப் பெயர் குதலை. கல்யாணமான வருடமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். வயிற்றுப்பிள்ளைக்காரியாக நாத்தனார் கனகவல்லியின் நிழலில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. தும்பை என்று பேர் வைத்தார்கள்.

"மதினி, அந்தச் சொல்லை எடுத்துக் குழந்தைகிட்ட ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள் காயாம்பூ.

"சொல்லிச் சொல்லித் தேஞ்சு போச்சுன்னா? நாளைக்கு இவ கல்யாணத்துக்கு எதைக் குடுப்பே, என் தலையையா?" என்றாள் கனகவல்லி. சொல்லைப் பித்தளைச் செப்பில் போட்டுப் பரணில் ஏற்றினாள்.

ராஜ்யம் முழுக்க இதே கதைதான். நல்ல தட்டுகளை அலமாரியில் பூட்டிவிட்டு நெளிந்த தட்டில் சாப்பிடுகிற குடும்பங்கள் நமக்கும் தெரியுமே. அப்படித்தான் அவர்களும் நல்ல சொல்லையெல்லாம் பரணில் வைத்துவிட்டு, அது, இது, உது என்று பேசிக் காலம் தள்ளினார்கள்.

ஊமைமலையில் மெழுகன் என்று ஒரு மந்திரவாதி. புழங்காத சொல் எவனுக்கும் சொந்தம், இதுதான் அவன் மந்திரம். சூறைக்காற்றாக வந்தான். பரண் பரணாகத் துழாவினான். அகப்பட்ட சொல்லைப் பானையில் போட்டு மெழுகால் வாயடைத்தான். சொல் போனால் அந்தப் பொருளும் போகும்.

துவலை போனது. மழைக்குப் பின்னால் முகத்தில் படுகிற அந்தச் சின்னத் தூவல் நின்றுபோனது. "போகட்டும், நனையாம இருக்கலாம்" என்றார்கள். குய் போனது. எண்ணெயில் கடுகு வெடித்தது, தாளிக்கிற மணம் வரவில்லை. "போகட்டும், வயிறு நிறைஞ்சா சரி" என்றார்கள். குதலை போனது. ராஜ்யத்தின் தொட்டில்கள் எல்லாம் ஒரே காலையில் அடங்கின.

தும்பை வாயைத் திறந்தாள், மூடினாள். சத்தம் இல்லை. குதலை இல்லாத வாயில் மழலை வராது. மழலை இல்லாத வாயில் பேச்சு வராது. காயாம்பூ குழந்தையை நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"இவளுக்குப் பேச்சு வரணும் மதினி. கொண்டு வந்துதான் வீடு திரும்புவேன்."

தவழ்கிற குழந்தை வாசல்வரை அவள் பின்னால் தவழ்ந்தது. கூப்பிடத்தான் அதனால் முடியவில்லை.

மலையில் மெழுகன் தடுக்கவே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பானை. மேலே துவலை, நடுவில் குய், அடியில் குதலை.

"தாராளமா எடுத்துக்கோ தாயி. பூட்டு உங்க ஊர்ப் பூட்டுதான். என்ன சொல், என்ன பொருள், எங்கே பிறந்தது. தப்பாச் சொன்னா ஒரு மழைக்காலம் போனப்புறம்தான் மறுபடி சொல்லிப் பாக்கலாம்."

காயாம்பூ சொன்னாள்: "துவலை. தூறல் துளி. அழுதவள் ஒருத்தி வெளியே வந்து, முகத்தைத் துடைச்சு, இது கண்ணீரா மழையான்னு தெரியாம நின்ன இடத்தில் பிறந்தது." பானை உடைந்தது.

"குய். தாளிப்பு மணம். பசியோட போனவன், அடுத்தவங்க வீட்டு அடுப்பங்கரைக்கு நேரே கால் நகராம நின்ன தெருவில் பிறந்தது." பானை உடைந்தது.

"குதலை. பேசாத பிள்ளையின் பேச்சு. தொட்டிலில் பிறந்தது." பானை அசையவில்லை. ஒரு மழைக்காலம் போனது. "குழந்தையோட நாக்கில் பிறந்தது." பானை அசையவில்லை. இன்னொரு மழைக்காலம்.

அந்த மழை முழுக்க அவளுக்கு வேலை ஒன்றுதான். கண்ணை மூடினால் தும்பை ஏதோ சொல்வதுபோல இருக்கும். இவள் பாறையைப் பார்த்து, "அப்படியா கண்ணு? அப்புறம்?" என்பாள்.

மழை ஓய்ந்த அன்று, "யார்கிட்ட பேசுறே?" என்றான் மெழுகன்.

"என் மககிட்ட."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நான் பதில் சொல்றேன்." சொன்னவள் எழுந்து நின்றாள். "குதலை பிறந்தது நாக்கில் இல்ல. அர்த்தமே இல்லாத சத்தத்துக்கு, 'அப்புறம்?'னு கேட்டவளோட காதில் பிறந்தது."

பானை உடைந்தது. மெழுகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல" என்றான். கேட்கலாமா என்று அவள் நினைப்பதற்குள் உருகி ஓடிவிட்டான்.

காயாம்பூ ஓடினாள். வழியெங்கும் தொட்டில்கள் குழறின, அடுப்பங்கரைகள் மணத்தன, முகத்தில் துவலை பட்டது. எதற்கும் நிற்கவில்லை. வீட்டு வாசலில் பாவாடை கட்டிய ஒரு சிறுமி நின்றிருந்தாள். அடைபட்ட பேச்சு அன்று காலைதான் அவளுக்கு மொத்தமாக வந்திருந்தது.

"நீங்க யாரு?" என்றாள் தும்பை, ஒரு எழுத்துப் பிசகாமல். "அம்மா குளிக்கிறாங்க. அப்புறமா வாங்க."

அம்மா என்றது கனகவல்லியை. ஈரத்தலையோடு வந்த கனகவல்லி, காயாம்பூவைப் பார்த்ததும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் பரண்ல வெச்சேன்டி" என்றாள்.

தும்பை மெல்ல மெல்ல காயாம்பூவையும் அம்மா என்றாள். நிறையப் பேசினாள், தெளிவாகப் பேசினாள். குதலை மட்டும் வரவே இல்லை. அந்த வயது தாண்டிவிட்டது. எந்த மந்திரமும் அதைத் திருப்பித் தராது.

ராஜா பல்லக்கு அனுப்பினார், காயாம்பூ ஏறவில்லை. ஊர்ப் பெண்கள் தாங்களாக ஒரு வழக்கம் வைத்தார்கள். எந்த வீட்டில் குழந்தை குழற ஆரம்பித்தாலும், முதலில் அதை எடுத்துவந்து காயாம்பூவின் மடியில் போடுவார்கள். போட்டுவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விடுவார்கள்.

அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே குழந்தை என்னென்னவோ சொல்லும்.

"அப்படியா கண்ணு?" என்று அவள் குரல் கேட்கும். "அப்புறம்?"

கதை சொன்னவள் வாய் ஓய்ந்தது. கேட்டவர்கள் போய் உங்கள் பரணைப் பாருங்கள்.