பாட்டு மண்டபத்தில் ஒரு காக்கை

நம் பாட்டனுக்குப் பாட்டன்கூடப் பிறக்காத காலம் அது. நெடுங்கரை நாட்டை மகரபூபதி என்றொரு ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒன்று பிடிக்கும், மத்தியானம் அதுவே பிடிக்காது. ஒரு வருஷம் அவருக்குப் பறவைப் பித்து பிடித்தது. அரண்மனைத் தோட்டத்தில் கம்பிவலை போட்டு இரண்டு மண்டபம் கட்டினார். பாடுகிற பறவைகளுக்கு ஒன்று, மற்றதுகளுக்கு ஒன்று. எது எந்த மண்டபத்துக்கு என்று பிரித்துவைக்கும் பொறுப்பு சபைப் பண்டிதர் வேங்கடகூத்தருக்கு. தீனி போட்டுக் கூட்டிப் பெருக்குவது பேராச்சி என்கிற பெண்.

பேராச்சி காட்டோரத்துக்காரி. எந்தக் குஞ்சு எந்தத் தாயுடையது என்று கூட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒருநாள் ராசா ஒரு கூட்டைக் காட்டி, இது யார் கட்டியது என்று கேட்டார். பண்டிதர் சுலோகம் ஒன்றைத் தொடங்கி முடிப்பதற்குள், இலையைத் தைத்திருக்கிறதே, தையல்சிட்டு என்று அவள் சொல்லிவிட்டாள். ராசா சிரித்தார். பண்டிதர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரிந்தது.

சிறகு ஒடிந்த காக்கை ஒன்று தோட்டத்தில் விழுந்து கிடந்தது. பேராச்சி அதற்கு மூலிகைப் பத்துப்போட்டு, பாட்டு மண்டபத்தின் ஒரு மூலையில் உட்கார வைத்தாள். பண்டிதர் காத்திருந்தது இதற்குத்தான். நேரே ராசாவிடம் போய், தேவகானம் கேட்க வேண்டிய இடத்தில் கரையும் பிறவியைக் கலந்துவிட்டாள் என்று முறையிட்டார். அந்நேரம் பார்த்துக் காக்கையும் கரைந்து தொலைத்தது. ராசாவுக்குக் கோபம் வந்தது. நாட்டிலுள்ள காக்கைகளையெல்லாம் எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும், இவளும் அதுகளோடு போக வேண்டும் என்று உத்தரவிட்டார்.

பேராச்சி ஓடிவந்து ராசா முன்னால் நின்றாள். புருஷனும் பிள்ளைகளும் இந்த ஊரில். போனால் எங்கே போவது? இருந்தாலும் வாயைத் திறந்து, காக்கைக்கு ஏன் அங்கே இடமில்லை என்று கேட்டாள். பண்டிதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இனம் என்பது உடம்பிலேயே எழுதியிருக்கும். பறவையே வேண்டாம், காலடித் தடத்தைக் காட்டினாலும் எது பாட்டுக் குடும்பம் என்று நான் பிரித்துவிடுவேன்."

"அப்படியே செய்யட்டும் மகாராசா. சாமி பிரிக்கிறபடியே நான் கட்டுப்படுகிறேன்" என்றாள் பேராச்சி.

ராசாவுக்கு விளையாட்டென்றால் உயிர். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பண்டிதரை வெளியே நிறுத்திவிட்டுத் திரைக்குப் பின்னால் தானே உட்கார்ந்தார். பேராச்சி ஒவ்வொரு பறவையாகப் பிடித்து, காலை மஞ்சள் குழம்பில் தோய்த்து, வெள்ளைத் துணியில் ஒற்றினாள். பறவையின் பெயரை ராசா ஓலை நறுக்கில் எழுதி, துணியின் முனையில் வைத்து முடிச்சுப் போட்டார். மொத்தம் ஒன்பது துணி.

சபை கூடியது. பண்டிதர் குனிந்து பார்த்தார். ஆறு துணியில் முன்னால் மூன்று விரல், பின்னால் நீண்ட நகத்தோடு தடித்த ஒரு விரல். மூன்று துணியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அவர் முகம் மலர்ந்தது. ஆறையும் ஒரு பக்கம் அடுக்கி, கிளையைக் கட்டிப் பிடித்து நின்று பாடுவதற்கென்றே அமைந்த கால் இது என்றார். அதிலும் பெரிய தடமாக ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"குடும்பத்துக்கே தலைமை இதுதான். சந்தேகமில்லை, குயில்."

மற்ற மூன்றையும் விரல்நுனியால் தள்ளி, இதுகள் மரத்தில் தொற்றித் திரிகிற ஜாதி, பாட்டு மண்டபத்தில் கால் வைக்கவே கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

ராசா முடிச்சுகளை அவிழ்த்தார். மைனா, தேன்சிட்டு, கொண்டைக்குருவி, கரிச்சான், மாங்குயில் என்று வாசித்துவந்தவர் பெரிய தடத்துக்கு வந்ததும் ஓலையை இரண்டு தரம் பார்த்தார். காக்கை என்றிருந்தது. தள்ளிவிட்ட மூன்றில் ஒன்று கிளி, ஒன்று மரங்கொத்தி. மூன்றாவதுதான் குயில்.

சபையில் முதலில் யாரோ இருமினார்கள். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பண்டிதர் விடவில்லை. புறாவுக்கும் முன்னால் மூன்று விரல்தானே, அதுவும் பாட்டுக் குடும்பமா என்று மடக்கினார். பேராச்சி ஒரு மணிப்புறாவையும் காக்கையையும் கொண்டுவந்து, இரண்டின் பின்விரலையும் ராசாவுக்குக் காட்டினாள். காக்கையின் பின்விரல் தடித்து, நகம் நீண்டு, அவள் சுண்டுவிரலை இறுகப் பற்றியது. புறாவினுடையது சின்னதாக இருந்தது. மாங்குயிலுக்குப் பெயரில்தான் குயில், காலைப் பார்த்தால் அது காக்கைக்குச் சொந்தக்காரன் என்பதையும் சொல்லி முடித்தாள்.

அதோடு முடிந்ததா? ராசாவின் புத்தி ஒரு சுற்று சுற்றியது. அப்படியானால் குயிலை விரட்டுங்கள் என்றார். காவலன் கூண்டை நோக்கி நடந்துவிட்டான். தான் தப்பித்தாலும், தன்னால் குயில் வெளியே போகப் போகிறதே என்று பேராச்சிக்குப் பகீரென்றது. குறுக்கே போய் நின்றாள்.

"மகாராசா, யாருக்கு யார் சொந்தம் என்பதைத்தான் கால் சொல்லும். யார் நன்றாகப் பாடுவார்கள் என்று சொல்லாது. காக்கை சொந்தத்தால் உள்ளே இருக்கட்டும். குயில் பாட்டால் உள்ளே இருக்கட்டும்."

ராசா காவலனைத் திரும்பி வரச் சொன்னார். பிறகு தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். விரட்டும் உத்தரவு இரண்டும் ரத்தாயின. தோட்டத்துப் பறவைகளைப் பிரிக்கும் பொறுப்பு இனிப் பேராச்சிக்கு. வேங்கடகூத்தர் ஒரு வருஷம் அவளிடம் வேலை பார்த்துப் பறவைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பண்டிதர் சரிகை வேட்டியோடும் ஓலைக்கட்டோடும் வந்து நின்றார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பேராச்சி விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"கீழேயிருந்து சாமி. எச்சத்தைக் கூட்டிக்கொண்டே பாருங்கள், மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று தானாகத் தெரியும்."