எண்பத்தாறு பேருக்கு ஒரே வசனம்

"எண்பத்தாறு பேருக்கும் ஒரே வசனம் போயிருக்கு ஐயா" என்றார் ஞானதீபம் மேடம்.

போதகர் ஜெயசிங் கல்லூரி ஆலயத்தின் கடைசி வரிசைப் பெஞ்சுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு ஆணி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

மேடத்துக்கு அது போதவில்லை. இருபத்திரண்டு வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். போதகருக்கோ முப்பத்து மூன்று வயது. வந்த புதிதில், நாலு நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்துவிட்டு இறங்குகிற இவரெல்லாம் ஒரு போதகரா என்று நினைத்தவர்தான் மேடம். இன்று அவரிடமே வந்து நிற்க வேண்டியதாயிற்று.

"நான் சொன்னது கேட்டுதா ஐயா?"

கேட்டது என்று மறுபடி தலையாட்டினார்.

அந்தச் சின்னக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்குப் பிரியாவிடை ஆராதனை நடக்கும். முடிவில் ஒவ்வொருவரும் முன்னால் வந்து முழங்காலிட்டு, கூடையிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்வார்கள். அதில் ஒரு வேத வசனம் இருக்கும். ஆளுக்கொரு வசனம். கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று பார்க்காமல் எல்லோரும் எடுப்பார்கள். எடுத்ததை ஒரு வருடம் யாரிடமும் காட்டக்கூடாது. கல்லூரியில் வேறு எந்த விதியை மீறினாலும் இதை மட்டும் யாரும் மீறியதில்லை.

அட்டைப் பொறுப்பு மேடத்துடையது. ஆராதனைக்கு முந்தின நாற்பது நாளும் பேர் பேராகச் சொல்லி ஜெபிப்பார். நூறு வசனம் தேர்ந்தெடுத்து எழுதுவார். கூடையில் போடுவது மட்டும்தான் என் வேலை, யாருக்கு எது போக வேண்டுமென்று ஆண்டவருக்குத் தெரியும் என்பார். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், பத்தொன்பது வருடம் செய்தவருக்கு அந்த அளவு இருக்கலாம்.

எல்லா வருடமும் பிள்ளைகளை உட்காரவைத்து அட்டைகளைச் சுருட்டி நூல் கட்டுவார்கள். இந்த வருடம்தான் வசதிக்காக, அச்சகமே உறையில் போட்டு ஒட்டித் தரட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த அச்சகக்காரர் காலமெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடித்தவர். பத்திரிகையில் ஐந்நூறும் ஒன்றுபோல இருந்தால்தான் அவருக்கு நல்ல பேர். மேடம் கொடுத்த முதல் தாளில், எழுத்து இந்த அளவில் இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக மாதிரிக்கு ஒரு வசனம் எழுதியிருந்தது. மனிதர் அதை நூறு அடித்துவிட்டார். நூறு வசனமும் எழுதியிருந்த மற்றத் தாள்களைப் பழைய தாள் என்று நினைத்து, அவற்றிலேயே உறைக் கட்டைச் சுற்றி அனுப்பிவிட்டார்.

ஆராதனை புதன்கிழமை நடந்தது. வியாழன் காலை மிச்சம் பதினாலு உறைகளை அலமாரியில் வைக்கப்போன மேடம், ஒன்றின் வாய் திறந்திருக்கவே எட்டிப் பார்த்தார். நல்ல வசனம். இன்னொன்றின் வாயும் லேசாகத் திறந்திருந்தது. அதே வசனம். பிறகு பதினாலையும் கிழித்துப் பார்த்தார்.



அச்சகத்துக்குப் போன் போட்டார். எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா மேடம் என்று அந்த மனிதர் பதறினார். ஒரு பிழையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

பயப்பட வேண்டாம், நான் கூடவே வருகிறேன் என்று கடவுள் சொல்வதாக வரும் வசனம் அது.

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் போதகர். ஆணிகள் இப்போது கைக்கு வந்திருந்தன.

"தெரியாது. அதுதான் வேதனையே. நேத்துலேருந்து ஏழு பேர் தனித்தனியா வந்து எங்கிட்ட நன்றி சொல்லிட்டாங்க. எனக்குன்னே வந்த வசனம் மேடம்னு ஒருத்தன் அழுதான் ஐயா."

"சரி."

"என்ன சரி? எல்லாருக்கும் ஒண்ணையே குடுத்தாலும் பொருந்துதுன்னா, நான் நாப்பது நாள் ஜெபிச்சது எதுக்கு? இத்தனை வருஷமும் இப்படித்தானா? நான்தான் ஆண்டவர் நடத்துறாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனா?"

போதகர் பெஞ்சை ஆட்டிப் பார்த்தார். இன்னும் ஆடியது.

மேடத்துக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும். மிச்சம்தான் பெரிது.

முப்புடாதி என்று ஒரு பெண். தாவரவியல் மூன்றாம் வருடம். அத்தை மகனுக்குப் பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாம் என்றுவிட்டுப் படிக்க வந்தவள். இனி இந்தப் படி ஏறாதே என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மூன்று வருடமாக ஏறவில்லை. எல்லா விடுமுறைக்கும் சித்தி வீடுதான்.

அவள் மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நாளைக்கு விடுதி மூடுகிறார்களே, நேராக வீட்டுக்கே போகலாம் என்றிருக்கிறேன் என்றாள். அட்டையைப் பார்த்ததிலிருந்து தைரியமாக இருக்கிறதாம்.  போகிறவள் வாசலில் நின்று ஒன்று கேட்டாள்.

"அது எனக்குன்னுதான் வந்துச்சா மேடம்? சும்மா கைக்கு அம்புட்டதுன்னா நான் போகமாட்டேன். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன்."

யோசித்துக் காலையில் சொல்கிறேன் என்று மேடம் அனுப்பிவிட்டார். யோசித்துச் சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணின் முகம் கேட்டது.

"சொன்னா அவ போகமாட்டா. சொல்லலேன்னா நான் பொய்க்காரி. நான் என்ன செய்யட்டும்?"

போதகர் எழுந்து கைத்தூசியைத் தட்டினார்.

"மூணாம் வருஷத்துப் பேர்ப் பட்டியல் இருக்கா?"

"இருக்கு."

"சிவப்புப் பேனா?"

ஆசிரியரிடம் இது என்ன கேள்வி. இருந்தது.

"அந்த வசனம் யார் யாருக்கு வேண்டாமோ அவங்க பேரை அடிச்சுக் கொண்டாங்க. அவங்களுக்கு மட்டும் வேற அட்டை அடிச்சுக் குடுத்திரலாம்."

அவ்வளவுதான். மறுபடி குனிந்து சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

மேடத்துக்கு இது பிடித்திருந்தது. இத்தனை நேரத்தில் உருப்படியாக ஒரு வேலை கிடைத்ததே. எப்படியும் பாதிப் பேரை அடித்துவிடலாம் என்று ஆய்வுக்கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை.

முதல் பேர் ரோகன். கால்பந்துக் குழுவின் தலைவன். கல்லூரியே அதிரும்படி கத்துகிறவன். இவனுக்கு என்ன பயம் என்று பேனா மூடியைக் கழற்றினார்.

விடுதியில் விளக்கை அணைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது என்று வார்டன் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. சரி, அடுத்த பேர் பார்ப்போம்.

அடுத்தது ஷெரின். மூன்று வருடமும் முதலிடம். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் கழிப்பறையில் வாந்தியெடுத்துவிட்டுத்தான் வருவாள். மேடமே இரண்டு முறை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

சங்கரபாண்டியன். ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரிப்பு மூட்டுகிறவன். மேடம் அவனை எத்தனையோ முறை வெளியே அனுப்பியிருக்கிறார். வாரம் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவனும் அவன்தான்.

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

இருபது பேர் ஆயிற்று. நாற்பது ஆயிற்று. திக்குவாய்ப் பையன், கண் மங்கிக்கொண்டே வருகிறதை யாரிடமும் சொல்லாத பையன், சிரித்தால் பல் தெரியுமே என்று மூன்று வருடமாகக் கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்த பெண். ஜெபத்தில் இந்தப் பேர்களையெல்லாம் நாற்பது நாள் வரிசையாகச் சொல்லியிருந்தார். இப்படி ஒவ்வொன்றிலும் நின்று பார்த்ததில்லை. அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

எழுபத்து மூன்றாவது பேர் மெர்ஸி எஸ்தர். அவளைப் பற்றி ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. நன்றாக உடுத்துவாள், நேரத்துக்கு வருவாள், எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டாள். இவளை அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனார். மூன்று வருடத்தில் எப்படியிருக்கிறாய் என்று இந்தப் பெண்ணை ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தெரியாத பேரை எப்படி அடிக்க? விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பட்டியலை ஆலயத்துக்குக் கொண்டுபோனார். போதகர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஆடவில்லை.

தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சிவப்பு எங்கும் இல்லை.

"பேனா எழுதலையா மேடம்?"

"எழுதுச்சு" என்றார் மேடம்.

போதகர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.   மேடத்துக்குக் கேட்க ஒன்று பாக்கியிருந்தது.

"முப்புடாதிகிட்ட என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"அவ போகமாட்டாளே ஐயா."

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ்ஸு பத்தேகாலுக்கு" என்றார்.

மேடம் வாசலுக்கு நடந்தார். மூட்டை முடிச்சோடு பாதிக் கல்லூரி அங்கேதான் நின்றது. ஊருக்குப் போகிற பிள்ளைகளின் கூச்சல் சொல்லி மாளாது. ரோகன் யாரையோ துரத்திக்கொண்டிருந்தான். சங்கரபாண்டியன் போதகர் மாதிரி நாலு நிமிடப் பிரசங்கம் செய்துகாட்ட, சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

முப்புடாதி மட்டும் தள்ளி, ஒரு தகரப் பெட்டியோடு நின்றாள். மேடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

 இதைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை முகம் என்ன ஆகும் என்று மேடத்துக்குப் பயம். இவரைப் பெரிய பக்தை என்று நம்பிய எண்பத்தாறு பேரும் நாளைக்கு என்ன நினைப்பார்கள் என்ற பயமும்தான். இரண்டும் இருந்தன. இரண்டோடும் போய் அவள் முன்னால் நின்றார்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மாதிரித் தாளைச் சொன்னார், அச்சகத்தைச் சொன்னார், உறையை ஒட்டியதால் யாரும் பார்க்காமல் போனதைச் சொன்னார். இந்த வருடம் யாருக்கும் அவரவர்க்கென்று தனியாக எதுவும் போகவில்லை, எண்பத்தாறும் ஒன்றுதான் என்று முடித்தார்.

முப்புடாதி தோள்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். அதற்குள்ளிருந்த உறையை எடுத்து, அட்டையை உருவிப் பார்த்தாள். அதிலிருந்த வசனம் மாறவில்லை.

"எல்லாருக்கும் இதேதானா மேடம்?"

"எல்லாருக்கும் இதேதான்."

"ரோகனுக்குமா?"

"அவனுக்கும்."

"ஷெரினுக்கு?"

"அவளுக்கும்மா."

"அவங்க யாரும், எனக்கு இது வேண்டாம், மாத்திக் குடுங்கன்னு வரலையா?"

மேடம் இல்லையென்று தலையாட்டினார்.

முப்புடாதி அந்தக் கூச்சலைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. ரோகன் ஓட்டம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஷெரின் தன் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். மெர்ஸி எஸ்தர் யாரோடும் சேராமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ எல்லாரும் பயந்துக்கிட்டுத்தான் நிக்கோமா மேடம்?" என்றாள் முப்புடாதி. "நான் மட்டும்னுல்லா நெனச்சேன்."

வளைவில் பஸ் திரும்பியது.

அவள் அட்டையைப் புத்தகத்துக்குள் வைத்தாள். குனிந்து தகரப் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க மேடம்."