குகை இல்லாத குளத்துக்குக் கதவு வந்துச்சு

"ஆமா, கரையில ஓட்டை போட்டது நாங்கதான்! இல்லைன்னு யாரு சொன்னா? ஆனா ஏன் போட்டோம்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா நரியாரே?"

கோரைக்குளத்துக் கரைமேல இறக்கையை விரிச்சுக்கிட்டுக் கத்தினது செம்மூக்கிங்கற நீர்க்கோழி. அந்தக் குளத்துக்கு அதுதான் தலைவி. எதிர்ல நின்னது நரி, மலைமேல இருக்கற சிங்க ராஜாவோட ஆளு. குளத்துக்காரங்களுக்குப் பொறுப்பே இல்லைன்னு நரி சொல்லி வாய் மூடல, செம்மூக்கி பிடிச்சுக்கிச்சு.

"பேச விடணுமா? விடிஞ்சதுலேருந்து நீங்கதானே பேசறீங்க! இப்ப என் முறை!"

ஓட்டை நிஜம்தான். அது வழியா தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வானம் வேற கருத்துக்கிட்டு வந்துச்சு. கரைக்கு அந்தப்பக்கம், பள்ளத்துக் கோரைப்புல்லுக்குள்ள செம்மூக்கியோட கூடு. கூட்டுல முட்டைங்க. கரை உடைஞ்சா முதல்ல போறது அதுங்கதான்.

நடந்தது இதுதான். அந்தக் காட்டுல ஒவ்வொரு குளமும் ஒவ்வொரு தோப்பும் தான் தேடினதுல ஒரு பங்கை வருஷா வருஷம் மலைக்கு அனுப்பணும். மலையிலேருந்து ஏதாவது திரும்பி வரும். எது வரும்னு மலைதான் முடிவு பண்ணும்.

இந்த வருஷம் சிங்கம், 'எல்லாக் குகைக்கும் கதவு'ன்னு ஒரு திட்டம் போட்டுச்சு. அதுக்குக் கெட்ட மனசு இல்லை. குகையில பொறந்து குகையில வளந்த சிங்கம். குளிர்காத்து உள்ள வந்தா எப்படி நடுங்கும்னு அதுக்குத் தெரியும். எல்லாரும் கதகதப்பா தூங்கட்டும்னு நினைச்சுது. அதனால கோரைக்குளத்துக்கும் ஒரு மூங்கில் கதவு வந்து இறங்கிச்சு.

குளத்துல ஏது குகை?

கூடவே ஒரு உத்தரவு. மழைக்கு முன்னாடி கதவை மாட்டிடணும். மாட்டலைன்னா கதவும் திரும்பிப் போயிடும், அடுத்த வருஷம் ஒண்ணுமே வராது.

"கதவு மாட்ட ஒரு குகை வேணும், அவ்வளவுதானே அக்கா? நான் தோண்டறேன்!"னு கிளம்பிச்சு முள்ளன்ங்கற முள்ளம்பன்றி. சுத்துவட்டாரத்துல இருக்கற ஒரே மேடு குளத்துக் கரைதான். அதுலயே தோண்டிச்சு. எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. செம்மூக்கியும்தான். கதவு ஜோரா மாட்டியாச்சு. மறுநாளே குகைக்குள்ள தண்ணி வந்துடுச்சு.

"கரையை மிதிச்சுக் கெட்டியாக்க எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு யானை. நீங்க கதவு அனுப்பினீங்க!"ன்னு நரியைப் பாத்துக் கத்திச்சு செம்மூக்கி.

நரி தொண்டையைக் கனைச்சு ஏதோ சொல்லிச்சு.

"என்னது? வேணாம்னு சொல்லியிருக்கலாமா? வேணாம்னா அடுத்த வருஷம் ஒண்ணுமே வராதுன்னு வந்து சொன்னது யாரு, உங்க மாமாவா?"

தவளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. அப்பத்தான் இடி இடிச்சுது. கரையிலேருந்து ஒரு மண்கட்டி பொத்துனு விழுந்துச்சு. சிரிப்பு நின்னுபோச்சு.

சேத்தாயிங்கற காட்டுப்பன்னி முன்னாடி வந்துச்சு. "நாங்க அடைக்கறோம் பொண்ணே. களிமண்ணை உருட்டி மிதிச்சா நிக்கும். ஆனா என் பசங்க காலையிலேருந்து பட்டினி. வயித்துல ஏதாவது விழுந்தாதான் காலு எழும்பும்."

எல்லார் கண்ணும் மருதமரத்தடிக்குப் போச்சு. மலைக்குப் போக வேண்டிய கிழங்குக் குவியல் அங்கதான் கிடந்துச்சு. நரி ஒரே பாய்ச்சலா பாஞ்சு அதுமேல உக்காந்துக்கிச்சு.

"எழுந்திருங்க நரியாரே! என்ன, என் பதவி போயிடுமா? போகட்டும்! முட்டை போனப்புறம் பதவியை வச்சு அடைகாக்கவா?"

சொல்லிக்கிட்டே மூக்கால நரியோட வாலை ஒரு கொத்து! நரி துள்ளி எழுந்துச்சு. பன்னிக்குட்டிங்க கிழங்கை வயிறு நிறையத் தின்னுட்டுக் கரையில இறங்கிச்சுங்க.

"எல்லாம் என்னாலதான் அக்கா"ன்னு முள்ளன் அழுதுச்சு.

"அழுகையைத் தள்ளி வச்சிட்டுக் கல்லை உருட்டுடா தங்கம். ஆஹா ஓஹோ போட்டதுல நானும்தான் இருந்தேன்."

மழை கொட்டிச்சு. குட்டிங்க மிதி மிதின்னு மிதிச்சுதுங்க. கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்த நரி, யாரும் கூப்பிடாமலே வாயில புல்லைக் கவ்விக்கிட்டு வந்து ஓட்டையில திணிச்சுது. கரை நின்னுச்சு. முட்டைங்க பொழைச்சுதுங்க.

நனைஞ்சு நடுங்கின நரிக்குச் செம்மூக்கி ஒரு கிழங்கை நீட்டிச்சு.

"சாப்பிடுங்க, மலை ஏறணுமே! போய் ராஜாகிட்ட சொல்லுங்க. பங்கு தர மாட்டோம்னு நாங்க சொல்லலை. மலையும் நம்மளோடதுதான். ஆனா அடுத்த காட்டுக்கூட்டத்துல அவர் ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லணும். எங்க குளத்துக்கு என்ன வேணும்னு எங்களை ஏன் கேக்கலை?"

குளத்துல குடியிருக்கறவங்களைக் கேக்காம மலையில உக்காந்து முடிவு பண்ணினா நல்ல மனசுகூட கரையை உடைச்சிடும். இல்லைன்னு சொல்றவங்க எல்லார் முன்னாடியும் வந்து பதில் சொல்லட்டும்!